எழுபத்திரண்டு பாயிண்ட் மாமா

எங்கள் ஏழாயிரம்குளத்தில் எழுத்துகள் போட்டிருந்த நகைநட்டெல்லாம் கழன்று தரையில் விழுந்த அந்தச் செவ்வாய்க்கிழமையும், முதல் பஸ் வழக்கம்போல இருபது நிமிடம் பிந்தித்தான் வந்தது, டீக்கடையில் உளுந்தவடை வழக்கம்போல எட்டரைக்கே தீர்ந்துபோனது, பஸ்ஸை விட்டு இறங்கியவர்கள் வழக்கம்போல டீ மாஸ்டரை ஏசினார்கள். ஆகவே அன்றைக்கு வானம் கறுத்தது, நாய் ஊளையிட்டது, கோயில் மணி தானாக அடித்தது என்றெல்லாம் பக்கத்து ஊர்க்காரர்கள் சொல்லித்திரிவது முழுப் பொய். நாய் ஊளையிட்டது மட்டும் உண்மை, ஆனால் அது எல்லா நாளும் ஊளையிடுகிற நாய்.

விழுந்தது பிரம்மசக்தியின் கடையில். பிரம்மசக்தி என்றால், பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் சலூனுக்கும் நடுவே, ஒரு கட்டிலைப் போட்டால் கதவைச் சாத்த முடியாத அளவு இடத்தில் ‘பிரம்மா டிடிபி சென்டர்’ நடத்துகிறவள்; வயது முப்பத்து நான்கு; பிறந்த பிள்ளைக்குச் சான்றிதழ் விண்ணப்பம், காது குத்துக்குப் பத்திரிகை, சண்டைக்குப் புகார் மனு, சமாதானத்துக்கு ஒப்பந்தம், செத்தவருக்குக் கண்ணீர் அஞ்சலி என்று எங்கள் ஊரில் எவனும் அவள் விரலில் மாட்டாமல் பிறந்ததுமில்லை, போனதுமில்லை.

அவளுடைய கம்ப்யூட்டர் கிழடு. கார்டு அடிக்கிற பெரிய சாஃப்ட்வேரைத் திறக்கச் சொன்னால் அது முதலில் ஒரு பெருமூச்சு விடும், பிறகு சுற்றுகிற வட்டத்தைக் காட்டும், அவள் எதிர்க்கடைக்குப் போய் டீ குடித்து, மாஸ்டர் தன் மருமகளைப் பற்றிச் சொல்வதையெல்லாம் கேட்டு முடித்து வந்தாலும் அதே வட்டத்தைத்தான் காட்டும். ஆகவே அவள் எதையும் முதலில் நோட்பேடில்தான் எழுதுவாள். வெறும் வெள்ளைச் சன்னல். தடிப்பு கிடையாது, சாய்வு கிடையாது, கலர் கிடையாது, பூ கிடையாது. தட்டினால் எழுத்து வரும், அவ்வளவுதான். கண்ணை மூடித் திறப்பதற்குள் திறக்கும், கரண்டு போவதற்குள் சேமித்துவிடலாம். நகராட்சி மனு, மகளிர் குழுத் தீர்மானம், அம்மாவின் மாத்திரை நேரம், மளிகைச் சாமான், கனவில் வந்த பாம்பின் நிறம், யார்மேல் கோபம், எதற்குக் கோபம், எந்தத் தேதி வரைக்கும் கோபம் என்று எல்லாமே சின்னச்சின்னக் கோப்புகளாக ஒரே இடத்தில் வரிசையாகக் கிடக்கும், ஒரு சொல்லைத் தேடினால் எட்டு வருஷத்துக் கோபமும் நொடியில் கிடைக்கும். பழைய ஃபான்ட்டில் அடித்ததை அதில் ஒட்டினால் ஜன்னி கண்டவன் பேச்சு மாதிரி வரும் என்பதால் எட்டு வருஷத்துக்கு முன்பே யூனிகோடுக்கு மாறிவிட்டாள். மனு எழுத வருகிறவர்கள், “மேல பெருசா, கலரா, ஒரு கோபுரம் போட்டு…” என்று ஆரம்பித்தால், “கோபுரத்த அப்புறம் கட்டலாம் அண்ணாச்சி, மொதல்ல ஒங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க” என்பாள். அதைச் சொல்லத் தெரியாமல் திரும்பிப் போனவர்கள் நாலைந்து பேர் உண்டு, அதில் ஒருவர் என் சொந்தக்காரர்.

அவளுக்கும் தளவாய்க்கும் காதல் வந்ததும் இந்த நோட்பேடால்தான். தளவாய் எங்கள் ஊர்க் கேபிள் சேனலில், படத்துக்கு அடியில் ஓடுகிற செய்தி வரிகளைப் பார்த்துக்கொள்கிறவன்; அதிகம் பேசமாட்டான், பேசினாலும் ஓடுகிற வரி மாதிரி ஒரே தாளத்தில்தான் பேசுவான். வரியை ஓட்டுகிற அந்த மெஷின் வெறும் எழுத்துக் கோப்பைத் தவிர வேறெதையும் வாங்கிக்கொள்ளாது. ஆகவே தினமும் காலையில் பென் டிரைவோடு பிரம்மசக்தி கடைக்கு வருவான், அவள் தட்டித் தருவாள். கோப்பின் கடைசியில், பத்து வரி காலியாக விட்டு, அவன் அவளுக்கு ஒரு வரி எழுதிவைப்பான். அதற்குக் கீழே அவள் ஒரு வரி எழுதிவைப்பாள். இரண்டரை வருஷம் இப்படியே ஓடியது. ஒரு பங்குனி மாதம், அந்தப் பத்து வரிக்குக் கீழே இருந்ததை வெட்டியெடுக்க மறந்து அப்படியே மெஷினில் போட்டுவிட்டான். ‘நாளை கீழத்தெருவில் குடிநீர் வராது. கோயில் கொடைக் கமிட்டிக் கூட்டம் மாலை ஐந்து மணி. நேற்று நீங்கள் கத்தரிப்பூச் சேலையில் வந்ததைப் பார்த்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை’ என்று ஏழு நிமிடத்துக்கு ஒரு தரம், அன்று பூரா, எங்கள் எல்லோர் வீட்டிலும் ஓடியது. முந்தின நாள் கத்தரிப்பூச் சேலை கட்டியிருந்த பதினொரு பெண்களின் வீட்டில் விசாரணை நடந்தது. பிரம்மசக்திதான் சேனல் ஆபீஸ் வாசலில் நின்று, “அது நான்தான்” என்று சத்தமாகச் சொல்லி மற்ற பத்துப் பேரையும் காப்பாற்றினாள். அதற்குமேல் கல்யாணம் பேசுவதைத் தவிர ஊருக்கு வேறு வழியில்லை.

பேசியது யார் என்பதில்தான் வந்தது வினை. பிரம்மசக்திக்கு ஏழு வயதிலேயே அப்பா போய்விட்டார். தூக்கி வளர்த்தது தாய்மாமா சொரிமுத்து. அப்போது அவர் வெறும் சொரிமுத்து; அவளை டைப் கிளாஸுக்கு சைக்கிளில் கூட்டிப்போய் ஒரு மணிநேரம் வெயிலில் நின்று திரும்பக் கூட்டிவந்தவர். பிறகு காலம் போகப்போக அவர் பேருக்கு முன்னால் ஒவ்வொன்றாக முளைத்தது: முன்னாள் வார்டு உறுப்பினர், ஆட்டோ ஓட்டுநர் நலச்சங்க நிரந்தரக் கௌரவத் தலைவர், கொடைக் கமிட்டிச் செயலாளர், ரத்ததானச் செம்மல். ரத்தம் கொடுத்தது ஒரே ஒரு தரம்தான், கொடுத்துவிட்டு மயங்கி விழுந்தவரைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களில் நானும் ஒருவன், ஆனால் செம்மல் செம்மல்தான். மாப்பிள்ளை வீட்டில் தளவாயின் சித்தப்பா கோமதிநாயகம். அரிசி மில் வைத்திருப்பவர். பள்ளிக்கூடத்துக்கு ஒரு இரும்புக் கேட் போட்டுக் கொடுத்ததிலிருந்து கல்வி வள்ளல்.

எங்கள் ஊர்ப் பத்திரிகையில் மணமக்கள் பேர் எப்படி இருந்தாலும் யாரும் பார்க்கமாட்டார்கள். ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்பதற்குக் கீழே யார் பேர் எத்தனை பாயிண்ட் எழுத்தில் இருக்கிறது என்பதுதான் எங்களுக்குக் கல்யாணம். பத்திரிகை கைக்கு வந்ததும் பிள்ளைகளின் ஜாமெட்ரி பாக்ஸிலிருந்து ஸ்கேலை எடுத்து அளந்துவிட்டுத்தான் மற்றதைப் படிப்போம்.

“ஏட்டி பிரம்மு, எம்பேரு பதினாறுல இருக்கு, அந்த மில்லுக்காரரு பேரு பதினெட்டுல இருக்கு. மாமனுக்குக் கண்ணு அவிஞ்சு போச்சுன்னு நெனச்சியா?” என்று சொரிமுத்து ஸ்கேலோடு வந்து நின்றார்.

“ரெண்டும் ஒரே அளவுதான் மாமா. அவுக பேரு நீளம், அதான் பெருசாத் தெரியுது.”

“அப்பம் எம்பேருக்கு முன்னால ‘உழைப்பால் உயர்ந்த’ன்னு போடு. நானும் நீண்டுக்கிடுதேன்.”

அதை மில்லில் யாரோ சொல்லிவிட, அங்கிருந்து இருபது வந்தது. இங்கிருந்து இருபத்திரண்டு போனது. அங்கே தங்கக் கலர் என்றால் இங்கே தங்கக் கலரோடு நிழல். அங்கே நிழல் என்றால் இங்கே நாலு மூலைக்கும் ரோஜாப்பூ. பத்திரிகையின் இருபதாவது மாதிரிப்படி வரும்போது மாமா பேரும் சித்தப்பா பேரும் எழுபத்திரண்டு பாயிண்ட்டில் ஆளுக்கு ஒரு பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்க, மணமகன் எட்டு பாயிண்ட்டில் ஒரு ரோஜா இலைக்கு அடியில் ஒதுங்கியிருந்தான். இருபத்தி மூன்றாவது படியில் மணமகள் பேரே விழுந்துபோயிருந்ததை மூன்று நாள் யாரும் கவனிக்கவில்லை, அடித்துக் கொடுத்த மணமகள் உட்பட.

இப்படி வைகாசி முகூர்த்தம் போயிற்று. ஆனி முகூர்த்தமும் போயிற்று. பத்திரிகை இல்லாமல் எப்படிக் கல்யாணம் நடக்கும்? ஆவணியில் ஒரு நாள் இருந்தது, இருபத்தி ஏழாம் தேதி. அதை விட்டால் மண்டபம் தையில்தான் கிடைக்கும்.

“பேசாம ரிஜிஸ்தர் ஆபீசுல போயிக் கட்டிக்கிடுவோம்” என்றான் தளவாய்.

“மாமா கையப் பிடிச்சு மணையில ஒக்கார வைக்காம எனக்கு எப்படிங்க கல்யாணம்?” என்றாள் பிரம்மசக்தி. சொன்னவள் கீபோர்டைப் பார்த்துக்கொண்டே அழுதாள். “அவுக இல்லாம எனக்கு வேண்டாம். அவுகளோட எனக்கு நடக்கவும் செய்யாது போல.”

மாமா மடியில் உட்கார்ந்து அ, ஆ படித்த பிள்ளை அது. அவளுக்கு மாமாவும் வேண்டும், தளவாயும் வேண்டும், ஆவணி இருபத்தி ஏழும் வேண்டும். கேட்டால் மூன்றும் சின்ன விஷயம்தான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் இருபத்தி ஏழாவது படியைத் திறந்தாள். திரை பூராவும் பூவும் பார்டரும் அடைத்துக்கொண்டு எழுத்தே தெரியவில்லை. இதற்குள் நான் இருக்கிறேனா இல்லையா என்று மட்டும் பார்ப்போமே என்று, மொத்தத்தையும் வழித்தெடுத்து நோட்பேடில் ஒட்டினாள்.

நோட்பேடுக்கு வேண்டாதது எல்லாம் இத்தனை வருஷமும் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று யாரும் கேட்டதில்லை. அன்றைக்கு அது திரையின் கீழ் விளிம்பு வழியாக வெளியே வந்தது. முதலில் ரோஜாப்பூ, இலையோடு, பதினாறு. பிறகு தங்க பார்டர், சுருட்டிவைத்த ஓலைப்பாயை உதறினதுபோலச் சரசரவென்று இறங்கி மேசையைச் சுற்றிக்கொண்டது. அடிக்கோடுகள் ஈர்க்குச்சியாக உதிர்ந்தன. எழுத்தைத் தடிப்பாக்கின கறுப்பு, உரலில் இடித்த மாவு மாதிரி பொதபொதவென்று கொட்டியது. நிழல்கள் வந்தன, தொட்டால் குளுகுளுவென்று இருந்தன. உச்சியில் இருந்த பிள்ளையார் அவசரப்படாமல் ஒவ்வொரு காலாக வைத்து இறங்கி, ஸ்டூலில் உட்கார்ந்தார். கடைசியில் எழுபத்திரண்டு பாயிண்ட், எழுத்து கழற்றிப் போட்ட சட்டை மாதிரி, உள்ளே ஒன்றுமில்லாமல், பெரிது பெரிதாக வந்து வாசலை அடைத்தது. திரையில் வெறும் எழுத்து நின்றது. அதில் எல்லோரும் ஒரே உயரத்தில் இருந்தார்கள். அவள் பேரும் இருந்தது.

பக்கத்து சலூன்காரர் அப்பாதுரை கத்தியோடு எட்டிப் பார்த்தார். “என்ன பிரம்மக்கா, வெள்ளையடிக்கீயளா?”

“இல்லண்ணே, அலங்காரம் எல்லாம் விழுந்துட்டு.”

“அப்படியா. கூட்டும்போது தண்ணி தெளிச்சுக் கூட்டுங்க, தூசி பறக்கும்” என்று சொல்லிவிட்டுப் பாதி சவரத்தில் இருந்த ஆளிடம் திரும்பிப் போனார். போனவர் அதே வேகத்தில் ஒரு கிண்ணத்தோடு திரும்பி வந்து, தடிப்புக் கறுப்பில் ஒரு பிடி அள்ளிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊரில் நாற்பது வயதுக்கு மேற்பட்ட எல்லா மீசையும் தடிப்பெழுத்தில் இருந்தது. குளித்தாலும் போகவில்லை, முறைத்தால் தூரத்திலிருந்தே தெரிந்தது.

அதற்குப் பிறகு இடமில்லை, நேரமில்லை. பழைய பத்திரிகை, பழைய மனு, பழைய வாழ்த்துமடல் என்று பெட்டிக்கடியிலிருந்து எடுத்துக்கொண்டு, கையில் ஒரு சாக்கையும் எடுத்துக்கொண்டு, சலூனைத் தாண்டிப் பால் பண்ணை வரைக்கும் வரிசை நின்றது. தாளில் இருப்பதை ஸ்கேன் எடுத்துக் கொடுக்கிற ஜெராக்ஸ் கடைக்காரர் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. அடிக்கோடுகளைச் சேர்த்துக் கட்டினால் நல்ல விளக்குமாறு ஆயிற்று. அட்டவணைக் கட்டங்களைப் பெண்கள் கோழிக்கூட்டுக்குக் கம்பியாக வைத்தார்கள். வரிக்கு முன்னால் வைக்கிற கறுப்புப் புள்ளிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டால் இழுத்துவிட வேண்டியதுதான், கோலம் கால்மணியில் முடிந்தது. நடேச வாத்தியார் வீட்டில் மட்டும் புள்ளி தடுக்கி வாத்தியார் விழுந்தார். வரியை நட்டநடுவில் நிறுத்துகிற குணம் இருக்கிறதே, அது கண்ணுக்குத் தெரியாமல் ஒரு பிசின் மாதிரி விழும்; அதை அந்த ஊளையிடுகிற நாய் நக்கிவிட்டு, அன்றிலிருந்து ரோட்டின் நடுவில்தான் போகும், லாரி வந்தாலும் ஒதுங்காது, லாரிதான் ஒதுங்கும். சாய்வெழுத்தின் சாய்வைத் தின்ற வெள்ளாடு ஒன்று வலப்பக்கமாகச் சாய்ந்தே நடக்கப் பழகி, மலையேறுவதற்கு அதுவே சவுகரியம் என்று கண்டுகொண்டது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அலங்காரம் போன மனுக்கள் கையில் மிஞ்சின அல்லவா, அவற்றைத் திரும்பக் கொண்டுபோக வெட்கப்பட்டு, சரி, இதையே கொடுத்துப் பார்ப்போம் என்று கொடுத்தார்கள். நாலு பக்கம் இருந்த மனு அஞ்சு வரியாகச் சுருங்கியிருந்ததால், அதிகாரி டீ வருவதற்குள் படித்து முடித்து, வேறு வழியில்லாமல் அந்த வேலையைச் செய்துவிட்டார். மேலத்தெரு சாக்கடை திறந்தது அப்படித்தான். அதற்குப் பிறகு ஊரில் பாதிப் பேர் லீவு லெட்டர், உயில், சமையல் குறிப்பு, மாமியார்மேல் புகார் எல்லாவற்றையும் நோட்பேடிலேயே எழுத ஆரம்பித்தார்கள். எழுதிப் பார்த்தபிறகு புகாரில் ஒன்றுமே இல்லை என்று தெரிந்து அழித்தவர்களும் இருக்கிறார்கள். நான் பேர் சொல்லமாட்டேன், என் வீட்டுக்காரி படிப்பாள்.

விழுந்தது யாருக்குச் சொந்தம் என்று மறுநாளே சண்டை வந்தது. கொடைக் கமிட்டி கூடி, எவர் பேரிலிருந்து விழுந்ததோ அவருக்கே சொந்தம் என்று தீர்த்தது. பிள்ளையாரை மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் ஸ்டூலை விட்டு எழுந்திருப்பதாகவும் இல்லை.

சொரிமுத்து மாமா லோடு ஆட்டோ பிடித்து வந்தார். தன் பேரிலிருந்து விழுந்த எழுபத்திரண்டு பாயிண்ட்டுக்குள் தலையை விட்டுப் பார்த்தார். அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அஞ்சேகால் அடி மனிதர் ஏழரை அடி உயர்ந்தார். நிழலைத் தோளில் போட்டுக்கொண்டதும் பேசுகிற ஒவ்வொரு சொல்லும் இரண்டு தரம் கேட்டது. தங்க பார்டரை இடுப்பில் மாட்டி நாலு மூலைக்கும் ரோஜாவைச் செருகிக்கொண்டு அவர் டீக்கடைக்கு நடந்தபோது நாங்கள் எல்லோரும் எழுந்து நின்றோம். நிற்காவிட்டால் பார்டர் இடிக்கும்.

“எப்பா, எப்படியிருக்கேன்… யிருக்கேன்?” என்று கேட்டார்.

“அம்சமா இருக்கீய அண்ணாச்சி” என்றார் மாஸ்டர், உடையாத டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்தபடி. அடுத்த நாள் மில்லுக்காரரும் அதேபோல் மாட்டிக்கொண்டு வந்தார்.

பிரம்மசக்திக்கு அப்போதுதான் வழி தெரிந்தது. மாமாவிடம் போய், “அலங்காரம் எல்லாம் நெசமாவே ஒங்க மேல இருக்கும்போது தாளுல என்னத்துக்கு மாமா? வெறும் எழுத்தா அடிச்சிருதேன்” என்றாள். அவர் யோசித்தார். “ஆமாட்டி, தாளை யாரு பாக்கப்போறா, என்னையப் பாப்பான்லா” என்றார். சித்தப்பாவிடம் தளவாய் போய் அதையே ஒரே தாளத்தில் சொன்னான். சரியென்றார். இரண்டு நாளில் பத்திரிகை வந்துவிட்டது. அரைத்தாள், வெள்ளை, எல்லாப் பேரும் பன்னிரண்டு பாயிண்ட். எங்கள் ஊரில் முதல் தடவையாக ஒரு பத்திரிகையை ஒருதரம் படித்ததுமே மண்டபம் எங்கே, நேரம் என்ன என்று புரிந்தது. ஒரு நிபந்தனைதான்: ஆளுக்கு இன்னும் நாலைந்து படி அடித்து, அதிலிருந்து உதிர்கிற பார்டரையும் பூவையும் கல்யாணத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அவளும், போகிறது கழுதை, கல்யாணம் நடந்தால் சரி என்று அடித்தாள், ஒட்டினாள், உதிர்த்தாள். இவருக்கு ரெட்டை பார்டர் என்றால் அவருக்கு மூன்று. முப்பத்தி நாலாவது படியில் மயில் விழுந்தது. அந்தப் பெருக்கத்தில் ஒரு விஷயத்தை மறந்துபோனாள். அதை நாங்களும் மறந்துபோனோம், ஏனென்றால் அளப்பதெல்லாம் தாளில்தான், வாசலை எவன் அளக்கிறான்?

ஆவணி இருபத்தி ஏழு. மில் ரோட்டு மண்டபம். முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. ஒன்பதேகாலுக்குக் கிழக்கேயிருந்து சொரிமுத்து மாமா வந்தார், மேற்கேயிருந்து கோமதிநாயகம் சித்தப்பா வந்தார். எழுபத்திரண்டு பாயிண்ட், மூன்று சுற்று பார்டர், நிழல், ரோஜா, தலைக்குமேல் ஆளுக்கு ஒரு மயில். மண்டப வாசலில் ஒருவருக்கொருவர் கும்பிட்டார்கள். யார் முதலில் போவது? அவர் போனால் இவர் இரண்டாவது. இவர் போனால் அவர் இரண்டாவது. ஆகவே இரண்டு பேரும் சரியாக ஒரே நொடியில் உள்ளே நுழைந்தார்கள். அப்படியே மாட்டிக்கொண்டார்கள்.

நாங்கள் பின்னாலிருந்து தள்ளினோம், உள்ளேயிருந்தவர்கள் இழுத்தார்கள். நாதஸ்வரக்காரர் எழுந்து வந்து பார்த்து, ஒரு யோசனையும் இல்லாமல் கெட்டிமேளத்தை ஒருதரம் வாசித்தார். எண்ணெய் ஊற்றினோம். தங்க பார்டர் பளபளத்ததே தவிர நகரவில்லை. மணி பத்தாயிற்று. “தாய்மாமன் வாங்கோ, தாய்மாமன் வாங்கோ” என்று ஐயர் மைக்கில் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். தளவாய் மணையில் உட்கார்ந்து, “இன்னும் முப்பது நிமிஷம் இருக்கு” என்றான். கொஞ்சம் கழித்து, “இன்னும் இருபத்தி ஆறு நிமிஷம் இருக்கு” என்றான்.

பிரம்மசக்தி மாலையும் கழுத்துமாக எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“மாமா, உள்ள வாங்க.”

“எப்படிட்டி வர, மாட்டிக்கிட்டேன்லா… லா.”

“கழட்டிட்டு வாங்க.”

“மொதல்ல அவரு கழட்டட்டும்… டட்டும்.”

“அவுக கழட்டட்டும், நான் பின்னாலேயே கழட்டுதேன்… டுதேன்” என்றார் சித்தப்பா.

அவள் இரண்டு பேரையும் பார்த்தாள். அவர்கள் முகம் எங்கோ உயரத்தில், மயிலுக்குக் கீழே, சிறிசாகத் தெரிந்தது. அவளுக்குக் கோபம் வந்தது. அது போய் அழுகை வந்தது. அதுவும் போய் வெறும் சொல் மட்டும் நின்றது.

“ரெண்டு முகூர்த்தம் போச்சு மாமா. இதுவும் போச்சுன்னா நான் அவுகளக் கூட்டிக்கிட்டு நேரா ரிஜிஸ்தர் ஆபீசுக்குப் போயிருவேன். அங்க மாமன் தேவையில்ல. சாட்சிக் கையெழுத்துப் போட ரோட்டுல போற யாரு வந்தாலும் போதும்.”

சொல்லிவிட்டுத் திரும்பி உள்ளே போய், மணமகள் அறை வாசலில் நின்றுகொண்டாள்.  சொரிமுத்து மாமா உடம்பைப் பின்னுக்கு இழுத்தார். கதவு நிலை முனகியது. ஒரு பெரிய சத்தத்தோடு பிதுங்கி வெளியே வந்து, யாரையும் பார்க்காமல், படியிறங்கிப் போய்விட்டார். இந்தப் பக்கம் பிடி விட்டதும் சித்தப்பா முழு அலங்காரத்தோடு கூட்டத்துக்குள் போய் விழுந்தார். எழுந்து, ஒன்றும் ஆகாததுபோல மீசையைத் தடவி, முன்வரிசையில் நாலு நாற்காலியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“கோவிச்சுக்கிட்டுப் போயிட்டாரு” என்று ஒருவன் சொன்னான். அதை எல்லோரும் சொன்னோம். சொரிமுத்து கோவித்துக்கொண்டு போனால் மூன்று வருஷம் பேசமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். தளவாய், “இன்னும் பதினொரு நிமிஷம் இருக்கு” என்றான், தாளம் தப்பி. பிரம்மசக்தி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அப்போது சமையல்கட்டுப் பக்கத்துக் கதவு வழியாக ஒரு ஆள் வந்தார். குட்டையான மனுஷன், வெறும் பனியன், நாலு முழ வேட்டி, தலையெல்லாம் கலைந்து, முழங்கையில் சிராய்ப்பு. சாம்பார் வாளியைக் கிளறிக்கொண்டிருந்த சமையல்காரர் கரண்டியைக் குறுக்கே நீட்டினார்.

“ஏ, எங்க போறீரு? பந்தி பத்தே முக்காலுக்குத்தான். அங்கிட்டுப் போயி நில்லும்.”

“சாப்பிட வரலைய்யா.”

“அப்பம் யாரு நீரு?”

அந்த ஆள் வாயைத் திறந்தார். பழக்கதோஷத்தில் “முன்னாள்” என்று வந்தது. அதை அப்படியே விழுங்கினார். நாங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரோ உள்ளூர்க்காரர் மாதிரி இருக்கிறதே, யார் என்று சட்டென்று பிடிபடவில்லையே என்றுதான் நினைத்தோம், அவரை அப்படிப் பார்த்து இருபது வருஷம் ஆகியிருந்தது.

“பொண்ணுக்கு மாமன்” என்றார்.

சமையல்காரர் கரண்டியை எடுத்தார். பிரம்மசக்தி அங்கேயிருந்தே, “எங்க போனீய மாமா?” என்று கத்தினாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது அவளுக்கு.

“ஒண்ணொண்ணாக் கழட்டணும்லாட்டி, நாழியாயிட்டு” என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அவள் கையைப் பிடித்தார். கூட்டம் நெருக்கியடித்து நின்றது. முன்னெல்லாம் அவர் வந்தால் தானாக விலகுகிற கூட்டம், அன்றைக்கு விலகவில்லை. அவர் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டு, “கொஞ்சம் வழி விடுங்கய்யா, பிள்ளைக்கு நேரமாச்சு” என்று கேட்டுக் கேட்டு, அவளை மணைக்குக் கூட்டிக்கொண்டு போனார்.